28 மில்லிமீட்டர் மெத்தை

மச்சினன் காருக்குப் புதுச் செருப்பு மாட்டியிருந்தான். பளபள 17 இன்ச் அலாய் வீல், பட்டை டயர். ‘ஏறுங்க மாமா!’ என்றான். ஏறினேன். வேளச்சேரி தாண்டுவதற்குள் ரோட்டிலுள்ள பள்ளமெல்லாம் என் முதுகெலும்புக்கு அத்துப்படி.

நான் பி.காம். பிசிக்ஸ் வராது; கூட்டல், கழித்தல் வரும். நீங்களும் போட்டுப் பாருங்கள். கம்பெனி கொடுத்தது 185/65 ஆர் 15. அகலம் 185 மி.மீ. பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவிகிதம். அதாவது, 120 மி.மீ. இவன் மாட்டியது 205/45 ஆர் 17. பக்கச்சுவர் வெறும் 92. மொத்த உயரம் கிட்டத்தட்ட அதேதான். ரிம் வளர்ந்தது, ரப்பர் தேய்ந்தது. 28 மில்லிமீட்டர் மெத்தை காலி!

வரவே இல்லையா? உண்டு. பக்கச்சுவர் குட்டையானால் வளைவில் டயர் அதிகம் நெளியாது. ஸ்டீயரிங் சொன்ன பேச்சு கேட்கும். காய்ந்த ரோட்டில் பிடிமானமும் கூடும். கடைக்காரர் இந்தப் பக்கத்தை மட்டும்தான் வாசிப்பார். செலவுக் கணக்கு? பள்ளத்தில் இறங்கினால் அடி ரிம்முக்கு. டயரில் கொப்பளம் கிளம்பும். தேங்கிய மழைத்தண்ணீரில் வேகமாகப் போனால் பட்டை டயர் சீக்கிரம் மிதக்கும். பெரிய வீல் பெரும்பாலும் கனமும் கூட, மைலேஜ் அடிவாங்கும்.

பிடிமானம்தான் வேண்டுமா? கம்பெனி சொன்ன சைஸிலேயே நல்ல டயராக வாங்குங்கள். காற்றைச் சரியாக வையுங்கள். பாதி வேலை முடிந்தது.

பின்சீட்டில் மாமியார். இடுப்பில் ஆபரேஷன் ஆகி இரண்டு மாசம். மெதுவாகக் கேட்டார்: “ஏம்ப்பா, பழைய சக்கரத்தை வித்துட்டியா?”