விசைத்தறி ஊரின் பேக்கரி ருசி

திருப்பூருக்கு மேற்கே நொய்யலை ஒட்டியுள்ள மங்கலத்திலும், அங்கிருந்து சோமனூர் வரை தொடரும் விசைத்தறி ஊர்களிலும், உணவு ரசனையுள்ளவர் முதலில் ஏற வேண்டிய படி ஓட்டலுடையது அன்று, பேக்கரியுடையது. கொங்கு வட்டாரத்தில் பேக்கரி என்பது ரொட்டியும் கேக்கும் விற்கும் கடை மட்டுமன்று; டீ மாஸ்டரின் பாய்லரும் கண்ணாடி அலமாரியும் அருகருகே நிற்க, விடியுமுன் திறந்து இரவு வெகுநேரம் வரை நடக்கும் பொதுவிடம் அது. தறி பகலிரவாக ஓடும் ஊரில் ஷிப்டு முடிந்து வருகிறவருக்கும் ஷிப்டுக்குப் போகிறவருக்கும் வெவ்வேறு வேளையில் பசிக்கும் என்பதால், நின்றபடியே டீயோடு தின்று முடிக்கக்கூடிய பண்டங்கள் இங்கே தனியொரு கலையாக வளர்ந்துள்ளன.

தமிழ்ச் சமையலறைக்கு ஆவியும் எண்ணெய்ச் சட்டியும் தோசைக்கல்லும் பழக்கமே தவிர, நாற்புறமும் மூடிய அடுப்பின் வறண்ட சூட்டில் சுடுவது பழக்கமன்று. அந்த முறை வெளியிலிருந்து வந்தது. தலசேரியில் மம்பள்ளி பாப்பு 1883-இல் கிறிஸ்துமஸ் கேக் சுட்டதும், பெங்களூர் சிக்பேட்டையில் ஹாசன் வட்டாரத்து ஐயங்கார் குடும்பம் ஒன்று 1898-இல் பேக்கரி தொடங்கியதும் தென்னிந்திய பேக்கரி வரலாற்றில் அடிக்கடி சொல்லப்படும் இரு தொடக்கங்கள். இவற்றுள் இரண்டாவதன் வழியில் வந்த முட்டை சேராத பண்டங்களும், சர்க்கரைப் பாகில் ஊறி, மேலே ஜாமும் தேங்காய்த் துருவலும் ஏற்ற ‘தேன் கேக்’கும் கொங்கு நாட்டில் நன்றாகவே வேரூன்றின. பெயர்ப்பலகையில் ஐயங்கார் இருக்க, அலமாரியில் முட்டை பப்ஸ் இருப்பதை இங்கே யாரும் முரணாகக் கருதுவதில்லை.

அந்த முட்டை பப்ஸே ரசிகனுக்கு உண்மையான பாடம். பிசைந்த மைதா மாவைத் தேய்த்து, நடுவில் கொழுப்பைப் பரப்பி மூடி, நீளத் தேய்த்து மூன்றாக மடிப்பது இதன் அடிப்படை வேலை. ஒவ்வொரு மடிப்புக்கும் பின் மாவைச் சிறிது நேரம் சும்மா விட்டு, நான்கு முறை இப்படி மடித்தால் 81 கொழுப்பு அடுக்குகள் உண்டாகும். இதில் ஈஸ்ட் கிடையாது. மாவிலுள்ள நீர் அடுப்புச் சூட்டில் ஆவியாகி மேலெழும்போது கொழுப்பு அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் காக்க, பண்டம் உப்பி நிற்கிறது. ஆகவே மடிக்கும்போதே கொழுப்பு உருகிவிட்டால் அடுக்கு என்று ஒன்று மிஞ்சாது. வெண்ணெய் 35 டிகிரிக்குள் உருகிவிடும். திருப்பூரின் சித்திரை வெயிலோ அதைத் தாண்டும். வெண்ணெய்க்கும் நெய்க்கும் பேர்போன ஊத்துக்குளி இதே மாவட்டத்தில் இருந்தும், பேக்கரி மாஸ்டர்கள் பப்ஸுக்கு மார்கரின் என்னும் கெட்டிக் கொழுப்பையே நாடுவதற்கு விலை ஒரு காரணமென்றால் வெயில் மற்றொன்று. கெட்டித்தன்மைக்காக எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கேடு என்பதால், எண்ணெய், கொழுப்புகளில் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2022 முதல் நாடெங்கும் விதி நடப்பில் உள்ளது.

நல்ல பப்ஸைப் பிட்டால் மேலடுக்குகள் சட்டையில் உதிர வேண்டும். உதிராதது நேற்றையது என்று துணியலாம். அடிப்பக்கத்தில் பச்சை மாவின் வாடை இருக்கக்கூடாது, தின்று முடித்த பின் அண்ணத்தில் கொழுப்பு மெழுகாக ஒட்டக்கூடாது. பெரும்பாலான கடைகள் சறுக்கும் இடம் உள்ளேயிருக்கும் மசாலா: வெங்காயத்தை ஈரம் வற்றும்வரை வதக்கப் பொறுமையில்லாதவர் வைத்த மசாலா நீர்விட்டு, மேலே எத்தனை அடுக்கு எழுந்திருந்தாலும் அடியைச் சொதசொதப்பாக்கிவிடும். கண்ணாடிப் பெட்டிக்குள் எரியும் பல்பு பப்ஸைச் சூடாக வைக்குமே தவிர மொறுமொறுப்பை மீட்டுத் தராது. எனவே மாலையில் டிரே அடுப்பிலிருந்து இறங்கும் நேரத்தை அறிந்திருப்பதே ரசிகனுக்குப் பாதிக் கலை.

தேங்காய் பன் இதற்கு நேர்மாறானது. ஈஸ்ட் போட்டுப் புளித்த மாவுக்குள் துருவிய தேங்காய், சர்க்கரை, ஏலக்காய், பப்பாளிக்காயைப் பாகில் ஊறவைத்துச் செய்யும் டூட்டி ஃப்ரூட்டி ஆகியவற்றைப் பொதித்து வட்டமாகச் சுட்டு, முக்கோணத் துண்டுகளாக வெட்டுவார்கள். உடுமலை, பொள்ளாச்சித் தோப்புகள் இவ்வளவு அருகில் இருக்கும்போது உலர் தேங்காய்ப் பொடியைப் போடும் கடையை மன்னிப்பது கடினம். பச்சைத் தேங்காயின் பால் சூட்டில் கசிந்து மாவின் உட்பக்கத்தில் ஊறுவதில்தான் இந்தப் பன்னின் ருசி முழுவதும் இருக்கிறது.

இரவில் பரோட்டாக் கடைகளின் ஆட்சி. அவற்றில் கிடைக்கும் பள்ளிபாளையம் சிக்கன் காவிரிக்கரையின் மற்றொரு விசைத்தறி ஊர் தந்தது. அரைத்த மசாலா இல்லாமல் வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல் ஆகியவற்றோடு வதங்கும் அந்தக் கோழி இக்கடைகளின் மெனுவில் உள்ள பலவற்றைவிட மேலானது.

வீட்டில் கேக் சுடும் வழக்கம் இப்பகுதியில் பெரும்பாலும் பிரஷர் குக்கரில் தொடங்கியது: குக்கரின் அடியில் உப்போ மணலோ பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, உள்ளே ஒரு தாங்கியின் மேல் மாவுப் பாத்திரத்தை வைத்துச் சிறுதீயில் சுடுவது. மேலிருந்து சூடு இறங்காததால் இந்தக் கேக்கின் மேல்பரப்பு வெளுத்துத்தான் இருக்கும். அதைக் குறையாகச் சொல்லத் தேவையில்லை, ஏனெனில் கடைக் கேக்குக்குக் கிட்டாத ஊத்துக்குளி வெண்ணெய் இங்கே தாராளமாக இடம்பெற முடியும். வெண்ணெயும் சர்க்கரையும் வெளுத்து இலகும்வரை கையால் குழைப்பதில் நுழையும் காற்றே கேக்கை மெதுவாக்குகிறது என்பதால், இங்கே கைவலிக்கு நேரடியான பலன் உண்டு. குக்கருக்குப் பிறகு மின்சார அவன் வாங்கி, பிறந்தநாள் கேக்குக்கு ஆர்டர் எடுக்கும் பெண்களும் திருப்பூர் வட்டாரத்தில் உண்டு. அவர்களில் தேர்ந்தவர்களின் வெண்ணெய்க் கேக், மேலே கிரீம் அப்பி ரோஜாப்பூ வைத்த கடைக் கேக்கைவிட இரண்டாம் நாளில் இன்னும் நன்றாக இருக்கும். பப்ஸை மட்டும் அவர்களும் கடையிலேயே வாங்குகிறார்கள்.