கதை எங்கே எனக் கேட்கப்பட்ட நாவல்

சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ 1981இல் வெளிவந்தது. அதனைப் படித்தோர் பலர் எழுப்பிய முதல் வினா, ‘கதை எங்கே?’ என்பதாகும். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவ்வினா ஓய்ந்தபாடில்லை. ஆவலோடு கையில் எடுத்துப் பாதியிலே மூடிவைத்த நண்பர் பலரை நாம் அறிவோம். ‘இது கட்டுரை, நாவலன்று’ என்பர் சிலர். ‘மூத்த எழுத்தாளர்களை எள்ளி நகையாடவே எழுதப்பட்டது’ என்பர் வேறு சிலர். இவர்களைச் சுவையறியாதவர் என ஒதுக்குதல் எளிது; ஆனால் அது முறையன்று. அவர்கள் கூறுவனவற்றுள் பெரும்பகுதி உண்மையே. அவ்வுண்மைகளையெல்லாம் ஏற்றுக்கொண்ட பின்னரும் இந்நாவல் நம் நெஞ்சுக்கு உகந்ததாகவே இருக்கின்றது.

கதையென்று சொல்லத்தக்கது சிறிதே. ஜோசஃப் ஜேம்ஸ் என்னும் மலையாள எழுத்தாளன் 1960 ஜனவரி 5ஆம் நாள், முப்பத்தொன்பதாம் வயதில் இறக்கிறான். பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு கார் விபத்தில் மாண்டதற்கு மறுநாள் அது. பாலு என்னும் தமிழ் எழுத்தாளன் அவனைப் பற்றித் தான் அறிந்தவற்றைச் சொல்லிச் செல்கிறான், பிற்பகுதி ஜே.ஜே.யின் நாட்குறிப்பு. இப்படியோர் எழுத்தாளன் கேரளத்தில் வாழ்ந்ததேயில்லை. ஆயினும் மெய்யான ஒரு மரணத்தின் பக்கத்தில் கற்பனை மரணம் ஒன்றை ஆசிரியர் வைத்துவிடுகிறார், தொடக்கத்திலேயே ஜே.ஜே. வரலாற்றுக்குள் நுழைந்துவிடுகிறான். பிறகு அவனை நம்பாதிருத்தல் நமக்கு இயலாமற் போகின்றது. கதைப்பின்னலால் பெறும் நம்பிக்கையை இங்கே ஒரு தேதி பெற்றுத் தந்துவிடுகிறது!

தமிழ் நாவலாசிரியர் ஒருவர் தம் இலட்சிய எழுத்தாளனைப் படைக்க ஏன் பக்கத்து மொழிக்குச் சென்றார்? நம்மைப் பெரிதும் ஈர்ப்பது இவ்விடமே. ஆசிரியரின் இளமை கோட்டயத்தில் கழிந்தது. அவர் வாழ்ந்த நாகர்கோவில் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்திருந்தது. தகழியின் ‘செம்மீ’னையும் ‘தோட்டியின் மக’னையும் தமிழாக்கியவர் அவரே. ஆகவே மலையாள இலக்கிய உலகை அண்டை வீட்டு முற்றம்போல் அவர் அறிவார். சிவகாமியின் சபதம் நிறைவேறிவிட்டதா என்று ஜே.ஜே. தமிழரை நோக்கிக் கேட்கும் இடம் கல்கியின் அன்பர்களைப் புண்படுத்தியிருக்கலாம். (நம்முள்ளும் அவ்வன்பர் உளர்.) எனினும் வெளிமாநிலத்தில் வாழும் தமிழர்க்கு அக்கேள்வி புதிதன்று. ‘உங்கள் மொழியில் இப்போது என்ன எழுதுகிறார்கள்?’ என்று வேற்றுமொழி அன்பர் வினவும்போது நாம் சொல்லும் பெயர்கள் எத்தனை ஆண்டுகட்கு முந்தியவை! அந்தக் கூச்சத்தை வேறெந்தத் தமிழ் நாவலும் இத்துணைக் கூர்மையாக நமக்கு உணர்த்தியதில்லை.

குறைகள் இல்லாமலில்லை. பெண் மாந்தர் நிழல்களாகவே வந்துபோகின்றனர். பாலுவின் குரலும் ஜே.ஜே.யின் குரலும் பலவிடங்களில் ஒன்றாகிவிடுகின்றன. நாட்குறிப்பைத் தனியே பிரித்துக் காட்டினால் எழுதியவர் யாரென ஐயுறலாம். பாலுவின் வழிபாட்டு மனம் சில பக்கங்களில் சலிப்பூட்டவும் செய்கிறது.

1966இல் வந்த ‘ஒரு புளியமரத்தின் கதை’யில் ஊரும் கடைத்தெருவும் மனிதரும் நிறைந்த கதையொன்றைச் சுவைபடச் சொல்லிக் காட்டியவர் இவர். கதை சொல்லத் தெரியாமல் இவ்வாறு எழுதினார் என்பது பொருந்தாது. அறிந்த பாதையை விட்டுப் பதினைந்தாண்டுகட்குப் பின் இவ்வழியைத் தேர்ந்தார். பாதியில் நிறுத்திய அன்பர்கள் மீண்டும் முயல விரும்பினால், பிற்பகுதியாகிய நாட்குறிப்பிலிருந்து தொடங்கலாம். நாளொன்றுக்கு இரண்டு மூன்று பக்கங்கள் போதும்.