யாரு பொறுப்பு? தடுப்பூசி மறுப்பை நாம் வாசித்த விதம் பற்றி

1

‘ஏதாவது ஆச்சுன்னா யாரு பொறுப்பு?’

2021 ஏப்ரலில் ஓட்டுப் போட ஊருக்குப் போயிருந்தேன். பாபநாசம் பக்கம். நாற்பத்தைந்து வயது தாண்டிய எல்லோருக்கும் கொரோனா ஊசி என்று அறிவித்துச் சில நாட்களே ஆகியிருந்தன. ஆள் கூப்பிட வந்த கிராம சுகாதார நர்ஸிடம் திண்ணையில் இருந்தபடி என் சித்தி கேட்ட கேள்வி இது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு வாக்கியம் பிடித்துப்போயிற்று. குறித்துக்கொண்டேன். அந்த மாதக் கடைசியில் ஜூம் வழியாக நடந்த ஒரு கூட்டத்தில் படித்த கட்டுரையில் அதை மேற்கோளாக்கி, ‘அரசின் உயிர்-அதிகாரத்தை மறுதலிக்கும் விளிம்பின் குரல்’ என்று எழுதினேன். நண்பர்கள் பாராட்டினார்கள். சித்தி கேட்டது ஒரு கேள்வி, கேள்விக்குப் பதில் வேண்டும் என்பது எனக்கும் தோன்றவில்லை, பாராட்டியவர்களுக்கும் தோன்றவில்லை.

இந்தக் கட்டுரை அந்தப் பழைய கட்டுரையின்மீது நான் வைக்கும் விமர்சனம். அதில் ஒருவருடைய சாவும் இருப்பதால் நாசூக்காக எழுத வரவில்லை.

2

அந்த ஒரு வீட்டுக்குள் அன்றைக்கு எத்தனை கட்சிகள் இருந்தன என்று பார்ப்போம்.

பாட்டிக்கு எண்பது தாண்டிவிட்டது. அவர் ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டவர். ‘சின்ன வயசுல அம்மை குத்துறவன் வந்தா குதிருக்குள்ள ஒளிஞ்சுக்குவோம். இப்ப ஒளிஞ்சு என்ன ஆகப்போவுது, போடுடீன்னு கையை நீட்டிட்டேன்’ என்றார். சித்திக்கு நூறு நாள் வேலை. ‘ரெண்டு நாள் காய்ச்சல் அடிக்குமாமே, அந்த ரெண்டு நாள் கூலியை யாரு தருவா?’ என்பது அவர் கணக்கு. சித்தப்பா பம்புசெட் மெக்கானிக், ஐம்பத்தேழு வயது, சர்க்கரை உண்டு. ‘சக்கரை உள்ளவனுக்குத்தான் இந்த நோவு மோசம்னு ஒருத்தன் சொல்றான். சக்கரை உள்ளவன் ஊசி போடக்கூடாதுன்னு இன்னொருத்தன் சொல்றான். ரெண்டு பேரும் டாக்டருங்கிறான்’ என்றார். அவருக்குப் போட்டுக்கொள்ளத்தான் விருப்பம். ‘இந்த வாரம் வேலை கெடக்கு, அடுத்த வாரம் பாப்போம்’ என்று நிறுத்தினார்.

இவர்களில் யாரும் அறிவியலை மறுக்கவில்லை. மாரியம்மன் பெயரை யாரும் எடுக்கவில்லை. ஒவ்வொருவரும் ஆபத்தை எடை போட்டார்கள். எடைக்கல்தான் வேறு வேறு. லட்சத்தில் எத்தனை பேர் என்பது அரசின் எடைக்கல். சித்தியுடையது இரண்டு நாள் கூலி. இவற்றில் ஒன்று அறிவு, மற்றது அறியாமை என்று பிரிப்பதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஏப்ரல் 15இல் நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில், மக்கள் பயப்படாமல் வரவேண்டும் என்று கேமராக்களின் முன்னால் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17ஆம் தேதி இறந்துபோனார். அன்று சாயங்காலம் சித்தப்பா போன் செய்தார். ‘நீ படிச்சவன், என்ன சொல்றே?’

‘கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம் சித்தப்பா’ என்றேன்.

மே மாதம் தமிழகத்தில் ஒரு நாள் தொற்று 36,000ஐத் தாண்டியது. அந்த வாரத்தில் சித்தப்பா இறந்தார். ஆக்சிஜன் படுக்கை கிடைக்க ஒன்றரை நாள் ஆயிற்று. முகத்தைச் சித்தி பார்க்கவில்லை. ஏப்ரலில் போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று எவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஒரு தவணைக்குப் பிறகும் இறந்தவர்கள் உண்டு. ஆனால் பிழைக்கும் வாய்ப்பு கூடியிருக்கும். அந்த வாய்ப்பைப் ‘பொறுத்துப் பாக்கலாம்’ என்று ஒத்திப்போட்டவன் நான். கல்லூரியில் கேட்டார்கள் என்பதற்காக ஜூலையில் நான் போட்டுக்கொண்டேன். அதை எந்தக் கட்டுரையிலும் எழுதவில்லை.

3

தடுப்பூசி மறுப்பு பற்றி அன்று புழங்கிய சொல்லாடல்கள் இரண்டு. ஒன்று நாளிதழ்களுடையது, அதிகாரிகளுடையது: மக்கள் அறியாமையில் கிடக்கிறார்கள், விழிப்புணர்வு ஊட்ட வேண்டும். மற்றது நம்முடையது: மக்கள் எதிர்க்கிறார்கள், அதைக் கொண்டாட வேண்டும். இரண்டும் எதிரெதிர் என்று நினைத்திருந்தேன். இரண்டுமே திண்ணையில் இருப்பவரின் வாக்கியத்தை வேறொன்றின் அடையாளமாக மாற்றிவிடுகின்றன. அவர் என்ன கேட்டார் என்பதை இரண்டுமே கேட்பதில்லை.

நமக்கு இதைக் கற்றுத்தந்தது ஃபூக்கோ என்று சொல்வோம். 1978 தொடக்கத்தில் பாரிசில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில் தொழுநோய், பிளேக், பெரியம்மை மூன்றையும் வைத்து மூன்றுவித அதிகாரங்களை அவர் விளக்கினார். தொழுநோயாளியை ஊருக்கு வெளியே தள்ளுவது, பிளேக் ஊரைத் தெருத்தெருவாக அடைத்துக் கண்காணிப்பது, பெரியம்மையில் மக்கள்தொகையை எண்ணிக்கையாக்கி ஆபத்தைக் கணக்கிடுவது. நம் ஊரில் மூன்றும் ஒருசேர நடந்தன. தொற்று வந்த வீட்டு வாசலைத் தகரம் வைத்து அடைத்தார்கள். ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்ததாகச் சொல்லிப் பிடித்துச்சென்ற ஜெயராஜும் பென்னிக்ஸும் 2020 ஜூனில் சாத்தான்குளம் போலீசின் அடியில் செத்தார்கள். நீலகிரியில் 2021 செப்டம்பரில் டாஸ்மாக் பாட்டிலுக்குத் தடுப்பூசிச் சான்று கேட்டார்கள். எனவே அதிகாரத்தின்மீது நாம் கொண்ட சந்தேகம் பொய்யல்ல. தகரத்தையும் ஊசியையும் ஒரே பொருளாக வாசித்ததுதான் பிழை. ஒரே கை இரண்டையும் நீட்டியது என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

இத்தாலியத் தத்துவவாதி அகம்பென் 2020 பிப்ரவரி கடைசியில், பெருந்தொற்று என்பதே ஒரு கண்டுபிடிப்பு, அவசரநிலையை வழக்கமாக்க அரசுக்குக் கிடைத்த சாக்கு என்கிற பொருளில் எழுதினார். சில நாட்களிலேயே அவருடைய பழைய நண்பர் ழான்-லுக் நான்சி பதில் எழுதினார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் தனக்கு இதய மாற்று அறுவை வேண்டும் என்று மருத்துவர்கள் சொன்னபோது, அதைக் கேட்காதே என்றவர்களில் அகம்பெனும் ஒருவர், கேட்டிருந்தால் சீக்கிரமே செத்திருப்பேன் என்பது அந்தப் பதிலின் சாரம். இதை எத்தனை முறை படித்தும் எனக்குத் தத்துவ விவாதமாகத் தெரியவில்லை. போனில் நானும் சித்தப்பாவும் பேசியதாகவே தெரிகிறது. வித்தியாசம், நான்சி நண்பன் சொன்னதைக் கேட்கவில்லை. சித்தப்பா கேட்டார்.

4

சந்தேகப்படுவது பட்டிக்காட்டு வழக்கம் என்பவர்களுக்கு ஒரு விஷயம். காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை எதிர்த்து 1955இல் புத்தகம் போட்டவர் ராஜாஜி. பிறகு 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோரை வைத்து ஆய்வு தொடங்கியது. ஒரு பகுதியினருக்கு மருந்து, இன்னொரு பகுதியினருக்கு மருந்தில்லாத ஊசி. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்பது 1979இல் வெளிவந்த முடிவு. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயைத் தடுக்கிறது என்பதால் பிறந்த குழந்தைக்கு அந்த ஊசியை இன்றும் போடுகிறோம். ஆக, சந்தேகம் பாதி சரியாயிற்று, பாதி தப்பாயிற்று. இதைத் தீர்த்துவைத்தது செங்கல்பட்டுக்காரர்களின் உடம்பு. நம்புவதா எதிர்ப்பதா என்று நாம் போட்டுக்கொண்ட இருமைக்குள் இந்த வரலாறு அடங்காது.

தமிழ் படித்தவர்கள் குறளுக்காகக் கொண்டாடுகிற எல்லிஸ் துரை பெயரில் இன்னொரு எழுத்து இருக்கிறது. பசு அம்மையைத் தேவியே மனிதருக்குத் தந்த வரமாகச் சொல்லும் கதை. குத்திக்கொள்ள மறுத்தவர்களை இணங்க வைக்க அவர்களுடைய சாமியையே பேசவைக்கிற உத்தி. 2021இல் சாமி இருந்த இடத்தில் நட்சத்திரம். நட்சத்திரம் செத்துப்போனதும் உத்தி கவிழ்ந்தது.

5

சித்தியின் கேள்விக்கு அரசு என்ன பதில் சொன்னது? விவேக் மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று ஆய்வுக்குழுவின் முடிவு 2021 அக்டோபரில் வந்தது. ஏப்ரலில் கேட்ட கேள்விக்கு அக்டோபரில் பதில். இரண்டுக்கும் நடுவில்தான் இரண்டாம் அலை முழுக்க நடந்து முடிந்தது.

யாரையும் கட்டாயப்படுத்தித் தடுப்பூசி போட முடியாது என்று 2022 மே 2இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில், ஊசிக்குப் பின் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் தொடுத்த வழக்கில் ஒன்றிய அரசு தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம், போட்டுக்கொள்வது அவரவர் விருப்பம், எனவே அரசு பொறுப்பேற்க முடியாது, இழப்பீடு வேண்டுமானால் உரிமையியல் நீதிமன்றம் போகலாம் என்றது. என் தங்கையிடம், சித்தி மகளிடம், இதைச் சொன்னேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். ‘போடாட்டி வேலைக்கு வராதேன்னு சொல்லித்தானே அண்ணே போட்டேன், இதுல எங்க விருப்பம் வந்துச்சு?’ என்றாள். கம்பெனி வாசலில் கட்டாயம், நீதிமன்றத்தில் விருப்பம். பிரிட்டனில் தடுப்பூசியால் கடும் பாதிப்பு அடைந்தவர்களுக்கு இழப்பீடு தரும் சட்டம் 1979இலிருந்து இருக்கிறது. கோடியில் சிலருக்கு நேர்கிற தீங்கைக் கோடிப்பேருக்காகச் சுமந்தவர்கள் அவர்கள். அந்தச் சுமைக்குப் பொறுப்பேற்பதால் தடுப்பூசியின்மீது நம்பிக்கை குறைந்துவிடுமா, கூடுமா?

நாம் எழுதியிருக்க வேண்டியது இதைத்தான். எதிர்ப்பைக் கொண்டாடுகிற மும்முரத்தில் கோரிக்கையை விட்டுவிட்டோம். காய்ச்சல் அடிக்கும் இரண்டு நாளுக்குக் கூலி, பாதிப்புக்கு இழப்பீடு, கேள்விக்கு உடனடிப் பதில். இவற்றைக் கேட்டு ஒரு துண்டறிக்கைகூட நாம் போடவில்லை.

6

செப்டம்பர் 12இல் தமிழகம் முழுக்க நடந்த முதல் பெரிய முகாமில் சித்தி போட்டுக்கொண்டார். நான் சொல்லி அல்ல. என்னிடம் அவர் எதையும் கேட்பதை நிறுத்தியிருந்தார். அதே நர்ஸ் மறுபடியும் வந்திருக்கிறார். ‘காய்ச்சல் வரும்க்கா. ஒடம்பு முறிச்சுப்போட்ட மாதிரி இருக்கும். வேலைக்குப் போவ முடியாது, பொய் சொல்ல மாட்டேன். மூணாம் நாள் நான் வந்து பாப்பேன்’ என்றாராம். இவ்வளவுதான். மூன்றாம் நாள் வந்திருக்கிறார்.

எது உங்களை மாற்றியது என்று கேட்டேன். ‘யாரு மாறுனா? அந்த ஊசி போட்டதுலேருந்து முட்டி வலிக்குது’ என்றார். பிறகு, ‘அவ வந்தால்ல’ என்றார்.

சித்திக்கும் எனக்கும் இன்றுவரை ஊசி பற்றி ஒத்த கருத்து இல்லை. முட்டி வலிக்கு ஊசி காரணமில்லை என்கிறேன், அவர் ஒப்புவதில்லை. சித்தப்பா பற்றி நாங்கள் பேசுவதில்லை. அந்தப் பழைய கட்டுரையை ஒரு தொகுப்பில் சேர்க்க நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். சேர்ப்பதானால் இதையும் கூடவே போடச் சொல்லியிருக்கிறேன்.