கைத்தொழில் மட்டும் போதும் என்று யார் முடிவு செய்தது?

சென்னை-மயிலை உயர் மறைமாவட்டம் 1996இல் சென்னை சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியபோது, இந்தியாவில் அந்த யோசனைக்கு வயது ஒன்றுதான். முந்தைய ஆண்டு புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இப்படி ஒன்றைத் திறந்திருந்தது. பள்ளியைப் பாதியில் விட்டவர்கள், பத்தாம் வகுப்பில் தவறியவர்கள், கல்யாணமாகி வீட்டோடு இருந்துவிட்ட பெண்கள் எல்லோருக்கும் வயதும் மதிப்பெண்ணும் பார்க்காமல் இடம் கொடுப்பது அன்றைக்குப் பெரிய காரியம். லயோலா கல்லூரியின் முதல்வராக இருந்த சேவியர் அல்போன்ஸ் அடிகளார் 1999இல் இதற்கென்றே சென்னையில் ஒரு மையத்தை நிறுவி, இந்த முறையை நாடு முழுவதும் கொண்டுபோனார். 2009இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் 2013இல் பல்கலைக்கழக மானியக் குழுவும் சமுதாயக் கல்லூரிக்கென்று தனித் திட்டம் போட்டன என்றால், அதற்கு விதை இங்கே விழுந்தது.

இந்த முறையின் பலம் பாடத்தின் வரிசையில் இருக்கிறது. முதலில் வாழ்க்கைத் திறன், அடுத்து தொழில் திறன், பிறகு வேலை நடக்கும் இடத்திலேயே பயிற்சி. தேர்வில் தோற்றவள் என்று வீட்டிலும் தெருவிலும் பெயர் வாங்கிய ஒரு பெண்ணை நேராகத் தையல் இயந்திரத்தின் முன் உட்கார வைத்தால் அவள் தையல் கற்றுக்கொள்வாள், அவ்வளவுதான். நாலு பேர் முன்னால் எழுந்து பேசவும், வங்கிப் படிவத்தைத் தானே நிரப்பவும், நேர்காணலில் நிமிர்ந்து உட்காரவும் பழகிய பிறகு அதே தையலைக் கற்றால் கூலி கேட்கும் தைரியமும் சேர்ந்து வருகிறது. நம் பொறியியல் கல்லூரிகள் பலவற்றுக்கு இன்னும் எட்டாத அறிவு இது.

ஆனால் இந்த முறை எங்கிருந்து வந்ததோ, அங்கே இருந்த இரண்டு விஷயங்கள் வழியில் விட்டுப்போயின. அமெரிக்காவில் 1901இல் ஜோலியட் என்ற ஊரில் தொடங்கிய இரண்டாண்டுக் கல்லூரி, அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழுவின் 1947ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பிறகு சமுதாயக் கல்லூரியாக நாடெங்கும் பரவியது. அங்கே குளிர்சாதனப் பழுது நீக்கும் வகுப்புக்குப் பக்கத்து அறையில் ஸ்பானிய மொழியும், அதற்கடுத்த அறையில் ஓவியமும், மாலையில் குற்றவியல் நீதியும் நடக்கும். காவல்துறையினரைப் படிக்க வைக்க 1968இல் அமெரிக்க மத்திய அரசு பண உதவி கொடுக்கத் தொடங்கியதும் குற்றவியல் வகுப்புகள் பெருகின. இரண்டாண்டு முடித்தவர் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சேரவும் வழி உண்டு. அந்த வழியில் போக நினைப்பவர்களில் பெரும்பாலோர் போய்ச் சேர்வதில்லை என்பது அங்கேயும் தீராத குறை. ஆனாலும் வழி இருக்கிறது.

நம் ஊருக்கு வந்தபோது வழியும் வரவில்லை, அந்த அடுத்த அறைகளும் வரவில்லை. வீட்டு நோயாளர் பராமரிப்பு, மின்பணி, தையல், மழலையர் பள்ளி ஆசிரியர் பயிற்சி, சமையல் என்று பட்டியல் நின்றுவிட்டது. ஏழைக்கு உடனே வேண்டியது வேலை என்ற கணக்கில் பிழையில்லை. வேலை தவிர வேறெதுவும் அவருக்கு வேண்டியிராது என்று அதிலிருந்து நாமாக முடிவு கட்டியதுதான் பிழை.

குற்றவியல் நீதியை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளர் பராமரிப்பு படித்த பெண் அடையாறில் ஒரு வீட்டில், படுக்கையில் இருக்கும் பெரியவரைப் பார்த்துக்கொள்ளப் போகிறாள். அந்த வீட்டில் ஒரு வளையல் காணாமற்போனால் முதல் சந்தேகம் யார் மேல் விழும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டேஷனுக்கு வா என்று போன் வரும். சாட்சியாக விசாரிப்பதென்றால் பெண்ணை அவள் வசிக்கும் இடத்தில் வைத்துத்தான் விசாரிக்க வேண்டும், சூரியன் மறைந்த பிறகு பெண்ணைக் கைது செய்ய விசேஷக் காரணமும் நீதித்துறை நடுவரின் முன் அனுமதியும் வேண்டும், வருமானம் எவ்வளவானாலும் பெண்ணுக்கு இலவச சட்ட உதவி உண்டு. இதில் ஒன்றாவது அவளுக்குத் தெரியுமா? ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கொடுத்தோம், இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அவளே புகார் கொடுக்கப் போகும் நாளும் வரும். கையில் ஒரு சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து அனுப்புவார்கள். முத்திரையும் எண்ணும் இருப்பதால் வழக்குப் பதிவாகிவிட்டது என்று நம்பி அதைப் பத்திரமாக மடித்து வைத்திருப்பவர்கள் இந்த நகரத்தில் ஏராளம். மனு வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அது அத்தாட்சி. முதல் தகவல் அறிக்கை வேறு. அது பதிவானால் புகார்தாரருக்கு அதன் நகலை இலவசமாகத் தரவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டதால், அரைகுறையாகத் தெரிந்திருந்த பிரிவு எண்களும் மாறிப்போயின.

இது உரிமை பற்றிய பேச்சு மட்டுமில்லை, பிழைப்புக்கும் வழி. தி. நகரில் உஸ்மான் சாலையில் ஒவ்வொரு நகைக்கடை வாசலிலும் சீருடையில் காவலாளி நிற்கிறார். தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி மத்திய அரசு தந்த மாதிரி விதிகள், இவர்களுக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் வேண்டும் என்கின்றன. சந்தேகப்பட்ட ஒருவரைத் தடுத்து நிறுத்தலாமா, பையைச் சோதிக்கலாமா, எந்த எல்லையில் போலீசைக் கூப்பிட வேண்டும் என்பதையெல்லாம் முறையாகப் படித்துவிட்டு வந்து நிற்பவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே தகுதி. சமுதாயக் கல்லூரி யாரைத் தேடிப் போகிறதோ அதே பிள்ளைகள்தான் அந்தத் தேர்வையும் எழுதுகிறார்கள். குற்றவியல் துறையோ சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் படிப்பாக இருக்கிறது.

மொழிக்கு நம்மிடம் நல்ல முன்மாதிரி அருகிலேயே இருந்தது. 1918இல் காந்தியின் முயற்சியில் பிறந்த தட்சிண பாரத இந்தி பிரசார சபா தி. நகரில் இருக்கிறது. இந்தித் திணிப்பு பற்றிய அரசியலை இங்கே தள்ளி வைக்கிறேன். அந்த எதிர்ப்புக்கு நியாயமான வரலாறு உண்டு. நான் பார்ப்பது அதன் தேர்வு அமைப்பை. பிராத்மிக், மத்யமா, ராஷ்டிரபாஷா என்று ஏறி பிரவீண் வரை படிகள். ஆண்டுக்கு இருமுறை தேர்வு. தெருக்கோடியில் ஒரு மாமி திண்ணையில் வைத்துச் சொல்லிக்கொடுத்தாலும், எழுதித் தேறினால் அடுத்த படி. மனப்பாடத்துக்கு அதிக இடம் கொடுத்ததால் பல படி ஏறியவர்களுக்கும் பேச நாக்கு எழவில்லை என்பது உண்மைதான். ஆனால் நின்ற இடத்திலிருந்து மேலே போகலாம் என்ற உறுதியை அது கொடுத்தது. சமுதாயக் கல்லூரியின் மொழிப்பாடம் ‘ஸ்போக்கன் இங்கிலீஷ்’ என்ற ஒரே தளத்தில் நின்றுவிட்டது. ஜெர்மனிக்குச் செவிலியராகப் போக ஜெர்மன் மொழித் தேர்ச்சி வேண்டியிருக்கிறது. அதற்கான வகுப்புக் கட்டணம் நோயாளர் பராமரிப்பு படித்த பெண்ணின் சம்பளத்துக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

கலை என்றதும் அது வசதியானவர்கள் சமாசாரம் என்று ஒதுக்கிவிடுகிறோம். 1936இல் அடையாறில் தொடங்கிய கலாக்ஷேத்ராவும், 1949இல் தொடங்கி இன்று ராஜா அண்ணாமலைபுரத்தில் பழைய பிராடி மாளிகையில் நடக்கும் அரசு இசைக் கல்லூரியும் முழுநேரமாகப் பல ஆண்டு செலவிடக்கூடிய மாணவர்களுக்கு உரியவை. அது அவற்றின் தன்மை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் மயிலாப்பூரில் கலை என்பது மேடையோடு முடிவதில்லை. பரதநாட்டிய உடை தைப்பது தனி வித்தை. விசிறி மடிப்பு அரைமண்டியில் உட்காரும்போது சரியாக விரிய வேண்டும், எழுந்தால் கலையாமல் மூட வேண்டும், பட்டுப்புடவையின் ஜரிகைக் கரை மடிப்பின் ஓரத்தில் வந்து நிற்கும்படி வெட்ட வேண்டும். தையல் வகுப்பில் ஜாக்கெட் வெட்டப் படித்த பெண் இதைப் படிக்க ஓர் ஆசிரியரும் மூன்று மாதமும் போதாதா? மார்கழியில் சபா சபாவாக ஒலிபெருக்கி அமைப்பவருக்கும் சுருதி என்றால் என்ன, மிருதங்கத்தின் தொப்பி எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தால் கச்சேரிக்கு நல்லது. அவருக்குக் கிடைக்கும் கூலிக்கும் நல்லது. இவை கலைப்படிப்புக்கும் கைத்தொழிலுக்கும் நடுவே இருப்பவை. அதனாலேயே இரண்டு பக்கமும் கவனிக்கவில்லை.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். ஆறு மாதம், ஓராண்டுக்கு மேல் இவர்களால் படிப்பில் உட்கார முடியாது. அம்மாவுக்குக் காய்ச்சல் என்றாலே வகுப்பு நின்றுவிடும். இருக்கும் நேரத்தில் சட்டமும் பாட்டும் சேர்த்தால் தொழில் குறையும். ஐம்பது மணி நேரத்துக்குள் அடங்கும் துண்டுப் பாடங்களாகக் கொடுத்தால் இதைச் சமாளிக்கலாம். ஆனால் துண்டுகளைச் சேர்த்து வைக்க ஓரிடம் வேண்டும். அந்த இடம்தான் இந்த முறையின் மிகப் பெரிய ஓட்டை.

ஓராண்டுச் சான்றிதழை வைத்துக்கொண்டு மேலே எங்கே போவது என்ற கேள்விக்கு இவ்வளவு ஆண்டுகளில் உறுதியான பதில் வரவில்லை. இந்திரா காந்தி பல்கலைக்கழகம் தன் திட்டத்தை 2012இல் நிறுத்தியபோது நடுவில் நின்றவர்கள் மாணவர்கள். பத்தாம் வகுப்பும் மேல்நிலைக் கல்வியும் முடிக்காமல் திறந்தநிலையில் பெற்ற பட்டம் அரசு வேலைக்கு ஆகாது என்று தமிழக அரசு 2009இல் ஆணையிட்டபோது, பக்கவாட்டு வழியாக ஏற நினைத்தவர்களுக்கு மேலே இருந்த கதவும் சாத்தப்பட்டது. 2020ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கைக்குப் பின் வந்த மதிப்புப் புள்ளி வங்கி துண்டுகளைச் சேர்த்து வைக்கும் என்கிறது. ஆனால் அதில் புள்ளிகளை வரவு வைப்பது பல்கலைக்கழகங்களும் பெரிய கல்லூரிகளும். சாந்தோமில் ஒரு தேவாலயப் பங்குக் கட்டடத்தின் மாடியில் வகுப்பு நடத்தும் நிறுவனத்தின் ஐம்பது மணி நேரத்தை அதில் யார் வரவு வைப்பது?

வரவு வைக்கக்கூடியவர்கள் தூரத்தில் இல்லை. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சைதாப்பேட்டையில் இருக்கிறது. டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் ராஜா அண்ணாமலைபுரத்தில், இசைக் கல்லூரிக்குச் சற்று தள்ளி. சட்டக் கல்லூரிகள் சட்ட உதவி மையம் நடத்தியே ஆகவேண்டும் என்பது பார் கவுன்சிலின் விதி. அந்த மாணவர்கள் வாரம் இரண்டு மாலை சாந்தோமுக்கு வந்து, கைதும் ஜாமீனும் சி.எஸ்.ஆரும் என்னவென்று சொல்லிக் கொடுக்கலாம். வகுப்பு முடிந்ததும் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அதை இரண்டு மதிப்புப் புள்ளியாகப் பதிவு செய்து கையெழுத்துப் போடலாம். புதிய கட்டடமோ தனிச் சட்டமோ இதற்குத் தேவையில்லை. மூன்று நிறுவனங்களின் பதிவாளர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். அடுத்த ஜூன் சேர்க்கைக்குள் செய்து முடிக்கக்கூடிய வேலை இது.