இராஜாஜியின் நோக்கில் அதிகாரமும் உரிமையும் ஒழுக்கமும்

இராஜாஜியின் அரசியற் கருத்துக்களை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் 1959-ஆம் ஆண்டிற்குப் பிற்பட்ட எழுத்துக்களையே நாடுவர். சுதந்திராக் கட்சி தோன்றிய ஆண்டு அஃதாகலின், உரிமை பற்றிய அவர்தம் கொள்கை ஆண்டே முழுவடிவிற் கிடைக்கும் என்பது அவர் கருத்து. ஆயினும் அதன் வேரைக் காண விழைவார், 1921 டிசம்பர் முதல் 1922 மார்ச்சு வரை வேலூர்ச் சிறையிலிருந்தபோது அவர் எழுதிய நாட்குறிப்பினின்றே தொடங்குதல் வேண்டும். விடுதலை கிட்டியவுடன் நல்லாட்சி கிட்டிவிடாது. தேர்தலும் அதன் ஊழலும், செல்வத்தின் கொடுங்கோன்மையும், ஆட்சித் திறமின்மையும் மக்களை வருத்தும் என்று அவர் அன்றே குறித்தார். அந்நோய்க்கு அவர் கண்ட மருந்து சட்டமன்று. நல்லொழுக்கமும் இறையச்சமும் அன்பும் இளமையிலேயே வளர்க்கும் கல்வியாம்.

1937-இல் சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானபோது அம்மருந்து மட்டும் போதியதாக அவருக்குத் தோன்றவில்லை. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்குச் செயற்பட்டது. இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939-இல் விற்பனைவரிச் சட்டம் வந்தது. 1938-இல் பள்ளிகளில் இந்துஸ்தானி கட்டாயமாக்கப்பட, எதிர்த்தோர் ஆயிரவருக்கு மேற்பட்டோர் சிறைப்பட்டனர். அவர்மீது ஏவப்பட்டது குற்றச்சட்டத் திருத்தச் சட்டம். ஆங்கில அரசு அதனைக் கையாண்டபோது காங்கிரசு கண்டித்திருந்தது. இராஜாஜியோ தாம் கையாண்டதை நியாயப்படுத்தினார். ஒரே படைக்கலம் ஒருவர் கையில் தீதாகவும் மற்றொருவர் கையில் நன்றாகவும் எவ்வாறு ஆகும்? அதிகாரத்தின் தன்மை அதனை ஏந்துவோனின் ஒழுக்கத்தைப் பொறுத்தது என்று கொண்டாலன்றி இதற்கு விடையில்லை. சிறைக்குறிப்பின் ஒழுக்கநம்பிக்கை இங்கே ஆள்வோர்மேற் சென்று நிற்கின்றது.

1952-இல் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியதும், பின்னர்ப் ‘பெர்மிட், லைசென்சு, கோட்டா’ ஆட்சி என அவர் பழித்தெழுதியதும் வேறொரு நிலையைக் காட்டும். உரிமம் வழங்கும் அதிகாரம் எவர்பால் இருப்பினும் ஆள்வோரையும் தொழில் செய்வோரையும் ஒருங்கே கெடுக்கும் என்பது அவர்தம் பிற்கால வாதம். ஆள்வோன் ஒழுக்கத்தை நம்பிய நெஞ்சு ஈண்டு அதனை நம்ப மறுக்கின்றது. இது வளர்ச்சியே, முரண்பாடு எனத் தள்ளுதல் பொருந்தாது.

முரண்பாடு வேறிடத்துளது. செல்வர் தம் பொருளைப் பிறர்க்குரியதாகக் காத்தல் வேண்டும் என்னும் காந்தியடிகளின் தர்மகர்த்தாக் கொள்கையைச் சுதந்திராக் கட்சி ஏற்றது. அதனை நடைமுறைப்படுத்துவது செல்வரின் மனச்சான்று, சட்டமன்று. குடிப்பவனுக்கோ சட்டமே வேண்டும் என்பதில் இராஜாஜி இறுதிவரை உறுதியாக நின்றார். 1971-இல் மதுவிலக்குத் தளர்த்தப்படவிருந்தபோது, தொண்ணூற்றிரண்டு அகவையில் முதலமைச்சர் மு. கருணாநிதியை நேரிற் கண்டு வேண்டினார். ஆகவே உழைப்பாளியின் ஒழுக்கத்திற்குக் காவலர், செல்வரின் ஒழுக்கத்திற்கு அறவுரை என்றாகின்றது. மது தேரும் அறிவையே அழிப்பதாகலின் அதனை விலக்குதல் உரிமைக்குத் தடையாகாது, அதற்குக் காப்பேயாம் என அவர் சார்பில் வாதிடலாம், வலிய வாதமே. ஆயின் பொருளாசையும் அறிவை மயக்கும் என்பதைச் செல்வத்தின் கொடுங்கோன்மையை 1922-இலேயே குறித்தவர் அறியாதவரல்லர்.

இம்முரண்பாடு படிப்போர்க்கு எளிதிற் புலப்படாமைக்கு அவர்தம் உரைநடையும் ஒரு காரணம். சிறு சொற்றொடர், வீட்டு உவமை, குட்டிக்கதை ஆகியவற்றால் இயங்கும் அந்நடையில் வாதத்தின் விடுபட்ட படிகள் தெளிவின் ஒளியில் மறைந்துவிடுகின்றன. எளிமையைப் பாராட்டும் திறனாய்வாளர் பலர் இதனைக் கருதுவதில்லை.

இனி ஒன்று. சுதந்திராக் கட்சியின் இருபத்தொரு கொள்கைகளுள் இறுதியானது, அடிப்படைக் கொள்கைகளுக்குப் புறம்பானவற்றில் உறுப்பினர்க்கு முழு உரிமை அளித்தது. 1938-இல் மறுப்போரைச் சிறையிட்டவர் இருபத்தோராண்டுகளுக்குப் பின் தம் கட்சிக்குள்ளேயே மறுப்பிற்கு இடம் வகுத்தார். மார்க்கஸ் அரேலியஸின் சிந்தனைகளைத் தமிழில் தந்த அவர்க்கு, பேரரசன் ஒருவன் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொண்ட காட்சி பழக்கமானதே. ஆயினும் தன் அதிகாரத்திற்கு எல்லை வகுக்கும் விதியொன்றினை எழுதிவைத்தல் அவ்வரசனிடம் கற்றதன்று.