பக்-அவுட்டை முடிவு செய்வது யார்?

அயர்லாந்தின் மட்டையாட்டமான ஹர்லிங்கில் கோல்கீப்பர் ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கிவைக்கும் அடியே பக்-அவுட். பந்து வைடாகப் போனாலும், புள்ளியானாலும், கோலானாலும் அடுத்த அடி அவருடையதுதான். இன்றைய மூத்தோர் கவுன்ட்டி ஆட்டத்தில் இரு தரப்பின் ஸ்கோர்களையும் வைடுகளையும் கூட்டினால் அறுபதைத் தாண்டுவது சாதாரணம். 70 நிமிட ஆட்டத்துக்கு இது கிட்டத்தட்ட நிமிடத்துக்கு ஒரு பக்-அவுட். களத்தில் இவ்வளவு தடவை எடுக்கப்படும் முடிவு வேறில்லை. இந்த லீக் பருவத்தில் இவ்வளவு தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட முடிவும் வேறில்லை.

அந்தத் தவறு முழுக்க ஒரு கோல்கீப்பரின் தலையில் விழுந்திருக்கிறது. ஆட்டங்களைத் தொடர்ந்து பார்த்தவர்களுக்கு அவர் பெயரைச் சொல்லத் தேவையில்லை. பக்கத்தில் நிற்கும் கார்னர்-பேக்கிடம் அவர் பந்தைக் கொடுக்கும்போதெல்லாம் அரங்கில் முணுமுணுப்பு எழுகிறது. ‘தூக்கி அடி’ என்ற கூச்சலும் கூடவே வருகிறது. அப்படிக் கொடுத்த பந்து ஒன்று பறிபோய்க் கோலாகிவிட்டால் வாரம் முழுக்க அதே பேச்சு. அவருக்குத் துணிச்சல் போதாது என்கிறார்கள் சிலர். மேலாளர் எழுதிக் கொடுத்ததை அப்படியே ஒப்பிக்கிறார் என்கிறார்கள் வேறு சிலர். இரு தரப்புமே காரணத்தை அவருடைய குணத்தில் தேடுகின்றன. காரணம் இருப்பது அவருக்கு எதிரே நிற்கும் ஆறு ஃபார்வர்டுகளிடம்.

தூரத்தின் மேல் இந்த ஆட்டத்துக்கு இருக்கும் மோகம் பழையது. அயர்லாந்தின் தொன்மக்கதை நாயகன் கூஹுலின், சிறுவனாக இருந்தபோது பந்தைத் தூர அடித்து, அது தரையைத் தொடுமுன் ஓடிப் பிடித்தபடியே நெடுவழி நடந்தவன். அந்தக் கதையின் நினைவாகத்தான் லௌத் கவுன்ட்டியின் கூலி மலைகளில் பொக் ஃபாடா போட்டி 1960-இல் தொடங்கியது. ஏறத்தாழ 5 கிலோமீட்டர் மலைப்பாதையை யார் மிகக் குறைந்த அடிகளில் கடக்கிறார்கள் என்பதே போட்டி. அங்கே தூரம்தான் எல்லாம். லீக் மைதானத்தில் தூரம் பாதிக் கணக்கு மட்டுமே. பந்து எங்கே இறங்குகிறது, இறங்கும் இடத்தில் யார் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார்கள் என்பது மீதிக் கணக்கு.

மைதானத்தின் நீளம் 130 முதல் 145 மீட்டர். பெரிய மைதானமொன்றில் கோல்கீப்பர் சிறிய செவ்வகத்திலிருந்து 85 மீட்டர் அடித்தால், பந்து எதிரணிக் கோலுக்கு ஏறத்தாழ 55 மீட்டர் முன்னால் இறங்கும். அது எதிரணியின் மூன்று ஹாஃப்-பேக்குகள் குடியிருக்கும் இடம். அங்கே போட்டி சமமானது அல்ல. ஹாஃப்-பேக் பின்னாலிருந்து ஓடிவந்து எகிறுகிறார். பிடித்துவிட்டால், தான் தாக்க வேண்டிய கோல் அவர் கண்ணெதிரே இருக்கிறது. ஹாஃப்-ஃபார்வர்டு பிடித்தாலோ முதலில் திரும்ப வேண்டும். திரும்பும் அந்த நொடியில் இரண்டு மூன்று மட்டைகள் அவரைச் சூழ்ந்துவிடும். எதிரணி பிடித்த பந்து ஒரு கைப்பாஸில் நடுக்களத்துக்கு வரும். அங்கிருந்து 70 மீட்டர் தள்ளியுள்ள கோல் பாருக்கு மேல் பந்தை அனுப்பும் கைகள் இன்று எல்லா முன்னணி அணிகளிலும் இருக்கின்றன. பத்து நொடிக்குள் முடிந்துவிடும் இந்தப் புள்ளியை யாரும் பக்-அவுட்டின் கணக்கில் எழுதுவதில்லை. ‘நல்ல அடி’ என்று எதிரணி வீரரைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

கிட்டத்தில் கொடுக்கப்படும் பந்து போகும் வழி வேறு. கார்னர்-பேக் அதை 20 மீட்டர் கோட்டுக்குச் சற்று வெளியே, பக்கக் கோட்டை ஒட்டி வாங்குகிறார். கையில் வைத்துக்கொண்டு நாலடி எடுத்துவைக்கலாம். அதற்கு மேல் பந்தை மட்டையின் நுனியில் ஏந்தியபடி ஓட வேண்டும். ஆளில்லாத இடத்தில் 15 மீட்டர் ஓடினால் அவர் 40 மீட்டர் தொலைவை எட்டிவிடுவார். அங்கிருந்து 70 மீட்டர் அடித்தால் பந்து இறங்குவது எதிரணிக் கோலுக்கு 35 மீட்டர் முன்னால், ஃபுல்-ஃபார்வர்டு ஓடிவந்து எடுக்கும் இடத்தில். எதிரணி ஹாஃப்-பேக்குகளின் தலைக்கு மேலாகப் பந்து போய்விட்டது. ஆக, கிட்டத்தில் கொடுக்கும் பக்-அவுட் என்பது இரண்டு அடிகளாகப் பிரித்து அடிக்கப்படும் தூரப் பந்து. முதல் அடியை மட்டும் பார்த்து அதைக் கோழைத்தனம் என்பது பாதி வாக்கியத்தைப் படித்துப் பொருள் சொல்வதுதான்.

இந்த வழி எப்போது திறக்கிறது என்பதே முக்கியமான கேள்வி. இரு தரப்பிலும் கோல்கீப்பரைத் தவிரப் பதினான்கு பேர். எதிரணி தன் ஹாஃப்-ஃபார்வர்டுகளில் ஒருவரை நடுக்களத்துக்கு இறக்கினால், இந்தப் பக்கத்தின் ஆறு பேக்குகளில் ஒருவர் தனியாக நிற்பார். அந்த ஆளைக் கண்டும் காணாததுபோல் பந்தைத் தூக்கி அடித்தால், எதிரணி ஓர் ஆளைக் கூடுதலாக நிறுத்தியிருக்கும் இடத்துக்கே பந்தை அனுப்புவதாக ஆகும். மாறாக, ஆறு ஃபார்வர்டுகளும் மேலேறி ஆளுக்கு ஆள் நின்றால் கிட்டத்தில் யாரும் தனியாக இல்லை. ஆனால் நடுக்களத்தின் பின்னால் வெட்டவெளி கிடக்கிறது. அப்போது தூக்கி அடிப்பதே சரி. எந்தப் பந்து என்பதை எதிரணி மேலாளர் முடிவு செய்கிறார். கோல்கீப்பரின் வேலை அந்த முடிவைப் பிழையில்லாமல் படிப்பது.

பழிக்கப்படும் அந்தக் கோல்கீப்பர் இதில்தான் லீக்கிலேயே மேலானவர். பந்தைக் கையில் எடுக்கும் முன்பே அவர் தலை இருபுறமும் திரும்பிவிடுகிறது. அவர் பார்ப்பது தன் ஆட்களை அல்ல, எதிரணியின் இரு ஓர ஹாஃப்-ஃபார்வர்டுகளை. அவர்கள் ஏறியிருந்தால் பந்து தூரம் போகிறது, இறங்கியிருந்தால் கிட்டத்தில். எதிரணி ஒரு புள்ளி அடித்துவிட்டு இடத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கும் அந்தச் சில நொடிகளில், ஒழுங்கு கூடுமுன் அடித்துவிடுவது அவருடைய இன்னொரு பலம். அந்த வேகத்தைப் பதற்றம் என்று எழுதியவர்களும் உண்டு. ஆற அமர நின்று, எல்லோரும் இடம்பிடித்த பிறகு அடிக்கும் கோல்கீப்பர் பார்ப்பதற்கு நிதானமானவராகத் தெரியலாம். அவருடைய நிதானத்தால் பயனடைவது எதிரணி.

இழப்பின் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கிட்டத்தில் கொடுத்த பந்து பறிபோனால் விலை பெரும்பாலும் கோல், அதாவது மூன்று புள்ளி. எல்லோர் கண்ணிலும் படும் இழப்பு அது. தூரப் பந்து பறிபோனால் விலை ஒரு புள்ளி, சில வேளை அதுவும் இல்லை. ஓர் எடுத்துக்காட்டு: பத்துத் தூரப் பந்துகளில் ஆறு பறிபோய், ஆறில் மூன்று புள்ளியாகின்றன என்று வைத்துக்கொண்டால், ஒரு கோல் கொடுத்த அதே நட்டம் யாருக்கும் தெரியாமல் நடந்து முடிந்திருக்கும். கோல் நினைவில் நிற்கிறது, உதிரிப் புள்ளிகள் மறந்துபோகின்றன. கோல்கீப்பர்கள் மீதான தீர்ப்புகள் பெரும்பாலும் இந்த ஞாபகக் குறையிலிருந்தே பிறக்கின்றன.

அந்த அணியின் உண்மையான ஓட்டை கோல்கீப்பரிடம் இல்லை, பந்து சிதறும் இடத்தில் இருக்கிறது. தூரப் பந்துகளில் நேராகப் பிடிபடுபவை குறைவு. பல மட்டைகளில் பட்டுத் தரையில் சிதறுபவையே அதிகம். சிதறும் பந்தை யார் அள்ளுகிறார்கள் என்பதுதான் தூரப் பக்-அவுட்டின் வெற்றி தோல்வி. இந்தப் பருவத்தில் அவர் அணியின் ஓர ஹாஃப்-ஃபார்வர்டுகள் பந்து இறங்கும் இடத்துக்கு ஒரு நொடி தாமதமாகவே வந்தார்கள். உயரமாக எகிறுபவரைத் தேர்ந்தெடுத்த தேர்வுக்குழு, காலடியில் விழும் பந்தைக் குனிந்து எடுப்பவரை மறந்துவிட்டது. சரியாகப் படித்து, சரியான இடத்துக்கு அடித்த பந்துகூட அதனால் தவறான முடிவுபோலத் தோன்றியது.

லீக் நடக்கும் காலமும் இந்தத் தோற்றத்துக்கு உதவுகிறது. சனவரி இறுதியில் தொடங்கி ஏப்ரல் தொடக்கத்தில் முடியும் பருவம் இது. ஈர மண்ணில் சிதறும் பந்து வழுக்கி ஓடாது, விழுந்த இடத்திலேயே கூட்டத்துக்கு நடுவே சிக்கிக்கொள்ளும். எதிர்க்காற்றில் 85 மீட்டர் அடி 65 மீட்டரிலேயே செத்து விழும். இவற்றோடு போட்டி அமைப்பின் அழுத்தமும் சேர்ந்துவிட்டது. 2025 முதல் உயர்மட்டமான 1ஏ பிரிவில் ஏழே அணிகள். ஆறு ஆட்டங்கள் முடிந்ததும் கடைசி இரண்டு கீழிறங்க வேண்டும். கீழிறங்கும் பயம் உள்ள மேலாளர்கள் ஹாஃப்-ஃபார்வர்டுகளை இறக்கி நடுக்களத்தை நிரப்புகிறார்கள். அதனால்தான் குளிர்காலத்தில் கிட்டத்துப் பக்-அவுட் கூடியது. அதைக் கோல்கீப்பர்களின் புது மோகம் என்று எழுதியவர்கள் விளைவைக் காரணமாக எடுத்துக்கொண்டார்கள்.

கோடையில் படம் தலைகீழாகும். லீக் இறுதிக்கும் மாகாணப் போட்டிகளுக்கும் இடையே அவகாசம் மிகக் குறைவு. மன்ஸ்டர், லென்ஸ்டர் இரண்டிலும் 2018 முதல் சுற்றுமுறை ஆட்டங்கள் நடப்பதால், ஒரு தோல்வியோடு எல்லாம் முடிந்துவிடாது. ஆகவே மேலாளர்கள் துணிந்து ஆறு ஃபார்வர்டுகளையும் மேலேற்றுவார்கள். மே மாதத்தில் இதே கோல்கீப்பர் பெரும்பாலான பந்துகளைத் தூக்கி அடிப்பார். ‘ஒருவழியாகத் திருந்திவிட்டார்’ என்று அப்போது எழுதப்படும். அவர் மாறியிருக்க மாட்டார். எதிரே நிற்பவர்கள் மாறியிருப்பார்கள். காய்ந்த தரையில் சிதறும் பந்து கூட்டத்தை விட்டு வெளியே ஓடும் என்பதால், லீக்கில் மாற்று வீரர் இருக்கையில் உட்கார்ந்திருந்த குள்ளமான, வேகமான ஓர ஃபார்வர்டு ஒருவர் அந்த அணியில் இடம்பிடிப்பார். சூன் முடிவதற்குள் மற்ற அணிகளும் அதே மாதிரி ஆளைத் தேடத் தொடங்கும்.

விதி திருத்தக் கோரிக்கையும் எழும். சகோதர ஆட்டமான கேலிக் கால்பந்தில் 2025 முதல் கோல்கீப்பரின் உதை 40 மீட்டர் வளைவைத் தாண்டியாக வேண்டும். ஹர்லிங்கிலும் அப்படியொரு கோடு வேண்டும் என்ற குரல் அடுத்த குளிர்காலத்துக்குள் பலமாகக் கேட்கும். அது ஏற்கப்படக் கூடாது. கிட்டத்தில் கொடுக்கும் வாய்ப்பு பறிக்கப்பட்டால், எதிரணி தன் ஃபார்வர்டுகளை எத்தனை பேரை வேண்டுமானாலும் நட்டமில்லாமல் இறக்கிவிடலாம். தனியாக நிற்கும் கார்னர்-பேக்கைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. பந்து இறங்கும் இடத்தில் இருபது பேர் நிற்பார்கள். கோரிக்கை வைப்பவர்கள் ஆசைப்படும் அந்த உயரமான ஒற்றைக்கைப் பிடி இன்னும் அரிதாகிவிடும்.

கோடையில் ஏதோ ஒரு பெரிய ஆட்டத்தில் அந்தக் கோல்கீப்பர் கிட்டத்தில் கொடுத்த பந்து பறிபோய் ஒரு கோல் விழும்; ஆட்டத்துக்கு முப்பது தடவை எடுக்கப்படும் முடிவில் அது தவிர்க்க முடியாதது. அடுத்த பக்-அவுட்டிலும் எதிரணியின் ஓர ஹாஃப்-ஃபார்வர்டு இறங்கியே நின்றால் அவர் மறுபடி அதே கார்னர்-பேக்கிடம்தான் கொடுப்பார், கொடுக்கவும் வேண்டும். அந்த அணி குரோக் பார்க் அரங்கில் சூலை வரை ஆடுமானால், அதற்குக் காரணமானவர்களின் பட்டியலில் அவர் பெயர் முதல் மூன்றுக்குள் இருக்கும்.