பத்து மணிக்குப் பூட்டும் கடை

கல்யாணம் ஆகி, பிள்ளையும் பிறந்த பிறகு வீடியோ கேம் ஆடுவது பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் நேரத்தைப் பங்கு போடுவது பற்றித்தான் சொல்கிறார்கள். குழந்தை தூங்கினதும் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம், அப்படி. எனக்கு இதில் ஒரு சந்தேகம். ஆடுகிறவனின் நாளைப் பார்க்கிறோம், ஆட்டம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதில்லை. ‘அனிமல் கிராசிங்’ வரிசையை வைத்து இதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

இதன் முதல் ஆட்டம் 2001இல் ஜப்பானில் நின்டெண்டோ 64 கருவிக்கு வந்தது. உருவாக்கியவர்களில் முக்கியமானவர் கட்சுயா எகுச்சி. சிபாவில் குடும்பத்தையும் நண்பர்களையும் விட்டுவிட்டு வேலைக்காகக் கியோட்டோவுக்கு வந்தவர். அந்தத் தனிமையில்தான் இந்த ஆட்டத்துக்கான யோசனை பிறந்தது என்று பேட்டியில் சொல்லியிருக்கிறார். லேட்டாக வீடு திரும்புகிற ஒருவர் வீட்டாரோடு எப்படிச் சேர்ந்து ஆடுவது? ஆட்டம் தந்த விடை எளிமையானது. ஒரே கிராமம், நான்கு பேர் வரை குடியிருக்கலாம், ஒரே நேரத்தில் ஆட வேண்டியதில்லை. காலையில் பிள்ளை நட்டதை ராத்திரி அப்பா பார்க்கலாம், ஒரு கடிதம் எழுதி வைக்கலாம். ஆட்டத்தின் கடிகாரமும் நம்ம வீட்டுக் கடிகாரமும் ஒன்றாகவே ஓடும்.

2020 மார்ச்சில் வந்த ‘நியூ ஹொரைசன்ஸ்’ ஆட்டத்தை இந்த எண்ணத்தோடுதான் வாங்கினேன். முதல் எரிச்சல் கடையில் வந்தது. அந்தத் தீவின் கடை இரவு 10 மணிக்குப் பூட்டிவிடும். நான் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வைத்துவிட்டு உட்காரும்போது பத்தரை. வாசலில் ஒரு பெட்டி இருக்கிறது, அதில் பொருளைப் போட்டால் விலையில் 80 சதவீதம்தான் கிடைக்கும். கொஞ்ச நாள் போகாமல் இருந்தால் களை மண்டுகிறது, வீட்டுக்குள் கரப்பான் ஓடுகிறது, ‘எங்கே போயிருந்தாய்’ என்று அண்டை வீட்டு விலங்குகள் கேட்கின்றன. வீட்டுலயும் இதே கேள்வி, தீவுலயும் இதே கேள்வி!

2012இல் வந்த ‘நியூ லீஃப்’ ஆட்டத்தில் கடைகளைக் கூடுதல் நேரம் திறந்து வைக்க ஊர்ச் சட்டம் போடலாம். புதிய ஆட்டத்தில் அந்த வசதி 2021 நவம்பர் அப்டேட்டில்தான் வந்தது. கருவியின் கடிகாரத்தை மாற்றி ஏமாற்றலாம்தான். ஆனால் அப்போது வீட்டில் எல்லோருடைய நாளும் சேர்ந்து நகர்ந்துவிடும்.

யோசித்துப் பார்த்தால் இது குறையே இல்லை. பூட்டிய கடை ‘போய்த் தூங்கு’ என்கிறது. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பிடித்து வைக்கிற ஆட்டங்களுக்கு நடுவே இது நாணயமான ஆட்டம்.

உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு கருவிக்கு ஒரு தீவுதான். எட்டுப் பேர் வரை குடியேறலாம், ஆனால் முதலில் தொடங்கியவர்தான் ஊர்ப் பிரதிநிதி. பாலம் எங்கே, கடை எங்கே என்று அவர் மட்டுமே முடிவு செய்யலாம். மற்றவர்கள் பாலத்துக்கு உண்டியலில் காசு போடலாம், இடம் சொல்ல முடியாது. வீட்டுக்காக என்று பிறந்த ஆட்டம் வீட்டுக்குள் ஒரு தலைவரை உட்கார வைத்துவிட்டது.

எங்கள் வீட்டில் அந்தத் தலைவர் நான். என் மகள் ஆற்றுக்கு அக்கரையில் ஒரு பாலம் கேட்டாள். “நாளைக்கு வைக்கலாம்மா” என்றேன். பதினோரு நாள் அதையே சொன்னேன். பன்னிரண்டாம் நாள் அவள் கேட்கவில்லை. என் மனைவிதான், “ஆட்டத்துலயுமா அவ உங்களுக்காகக் காத்திருக்கணும்?” என்றாள். ஆட்டத்தின் மேல் பழி போட எனக்கு வழி இல்லை. ரெண்டு நிமிஷ வேலை அது.

பிரதிநிதியை மாற்ற வழி கிடையாது, தீவையே அழிக்க வேண்டும். அவள் கட்டிய வீடும் அதோடு போகும். அவளிடம் கேட்டேன், உடனே சரி என்றாள். என் முந்நூறு மணி நேரமும் போனது. அவள் பெயரில் புதிய தீவு தொடங்கி மூன்று வாரம் ஆகிறது.

நேற்று பத்தரைக்குப் போனேன். கடை பூட்டியிருந்தது. அவள் சொன்ன இடத்தில் பாலத்துக்கு உண்டியல் வைத்திருந்தார்கள். கையிலிருந்த காசைப் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன்.